ஒரே ஒரு வாசல்

ஒரு கோட்டையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சுற்றிலும் மதில். மதிலின் சுற்றளவு சுமார் 110 கிலோமீட்டர். உயரம்? எங்கேயும் 17,000 அடிக்குக் குறைவில்லை. மதில்மேல் காவல் கோபுரங்கள் மாதிரி 21,000 அடியைத் தாண்டிய சிகரங்கள், ஒரு டஜனுக்கும் மேல். இத்தனை ஏற்பாட்டுக்கும் நடுவே, கோட்டைக்குள் தன்னந்தனியாக ராணி. அவள் உயரம் 25,643 அடி.

இதைக் கட்டியது ராஜா இல்லை. இயற்கை.

உத்தராகண்டில், கர்வால் இமயமலையில் இருக்கிறது அந்த இடம். ராணியின் பெயர் நந்தாதேவி. முழுக்க முழுக்க இந்திய எல்லைக்குள்ளேயே இருக்கிற சிகரங்களில் இதுதான் மிக உயரமானது. (கஞ்சன்ஜங்கா இதைவிட உயரம். ஆனால் அது நேபாள எல்லையில் காலை வைத்துக்கொண்டு நிற்கிறது.)

கோட்டை என்றால் வாசல் இருக்க வேண்டுமே? இருக்கிறது. ஒன்றே ஒன்று. உள்ளே உருகுகிற பனியெல்லாம் ஓர் ஆறாகச் சேர்ந்து, மேற்குப் பக்கம் மதிலை அறுத்துக்கொண்டு வெளியே பாய்கிறது. அதுதான் ரிஷி கங்கை. சப்தரிஷிகள் உலகத் தொல்லை வேண்டாமென்று கடைசியாக ஒதுங்கிய இடம் இது என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் சொல்வார்கள். ரிஷிகளுக்கு இடம் தேர்ந்தெடுக்கத் தெரிந்திருக்கிறது. ஏனென்றால் அந்த ஆறு வெளியே வருகிற வழியை வழி என்றே சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கான அடி செங்குத்துப் பாறை. கீழே நுரை கக்கும் தண்ணீர். நடுவில் மனிதன் கால் வைக்க இடம்? ம்ஹூம்.

கர்வால், குமாவுன் மக்களுக்கு நந்தா வெறும் மலை இல்லை. வீட்டுப் பெண். கட்டிக்கொடுத்த மகளை சீர் செனத்தியோடு புகுந்த வீட்டுக்கு அனுப்புவது போல, அவளைக் கைலாசத்துக்கு வழியனுப்ப ஒரு பெரிய யாத்திரை நடத்துகிறார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்பது கணக்கு. பாடுகிறார்கள், அழுகிறார்கள், ஓர் எல்லைவரை போகிறார்கள். அப்புறம் திரும்பி விடுகிறார்கள். மகளின் வீட்டுக்குள் கேட்காமல் கொள்ளாமல் நுழைகிற வழக்கம் அவர்களிடம் இல்லை.

வெள்ளைக்காரர்களுக்கு இருந்தது.

*

1883. கிரஹாம் என்று ஓர் ஆங்கிலேயர், எமில் பாஸ், உல்ரிச் காஃப்மான் என்ற இரண்டு சுவிட்சர்லாந்துக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆல்ப்ஸ் மலைகளில் அன்றைக்கு இருந்த நடைமுறை அதுதான். துரை பணம் போடுவார், சுவிஸ் வழிகாட்டி வழி போடுவார். ரிஷி கங்கைப் பள்ளத்தாக்கில் நுழைந்து பார்த்தார்கள். சுமைதூக்கிகள் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிப்போனார்கள். ஆட்டம் முடிந்தது.

அடுத்து வந்தவர் டாம் லாங்ஸ்டாஃப். படிப்பால் டாக்டர், புத்தியால் மலைப்பைத்தியம். 1905-இல் கோட்டையின் கிழக்கு மதில்மேல் ஒரு கணவாய்வரை ஏறிவிட்டார். அங்கிருந்து உள்ளே எட்டிப் பார்த்தார். புல்வெளி, பனியாறு, நடுவே நந்தாதேவி. மதில்மேல் நின்று கோட்டையைப் பார்த்த முதல் ஆசாமி அவர். ஆனால் இறங்க முடியவில்லை. இன்றைக்கும் அந்தக் கணவாய்க்கு அவர் பெயர்தான்.

மனிதர் விடவில்லை. 1907-இல் மறுபடி வந்தார். வேறொரு கணவாயைத் தாண்டி வெளிப்பிராகாரம்வரை வந்து, ஜூன் 12-ஆம் தேதி, 23,000 அடிக்கும் மேலான திரிசூல் சிகரத்தில் ஏறினார். அதுவரை மனிதன் ஏறிய சிகரங்களிலேயே அதுதான் உயரம். ஆனால் மூலஸ்தானம்? கதவு சாத்தியே இருந்தது.

பிறகு ஹ்யூ ரட்லெட்ஜ். அல்மோராவில் டெபுடி கமிஷனராக இருந்தவர். வீட்டு ஜன்னலிலிருந்தே மலை தெரிந்தால் சும்மா இருக்க முடியுமா? 1926, 1927, 1932 என்று மூன்று முறை முயன்றார். கடைசி முறை தெற்குப் பக்கத்திலிருந்து. எமில் ரே என்ற பெயர்பெற்ற ஆல்ப்ஸ் வழிகாட்டி கூட வந்திருந்தார். அவர் அந்தத் தெற்குச் சுவரை அண்ணாந்து பார்த்தார். தலையாட்டிவிட்டார். போதும்டா சாமி.

ஆக, ஐம்பது வருடம். பணம் இருந்தது, அதிகாரம் இருந்தது, ஆல்ப்ஸின் தலைசிறந்த வழிகாட்டிகள் இருந்தார்கள். சிகரத்தில் ஏறுவதை விடுங்கள். அதன் காலடிக்குக்கூட ஒருத்தரும் போய்ச் சேரவில்லை.

*

1934-இல் இரண்டு பேர் ஒரு சரக்குக் கப்பலில் இங்கிலாந்திலிருந்து கிளம்பினார்கள்.

ஒருவர் எரிக் ஷிப்டன். வயது 26. இன்னொருவர் பில் டில்மன். வயது 36. முதல் உலகப்போரில் இளம்வயதிலேயே வீரப்பதக்கம் வாங்கியவர். இரண்டு பேரும் கென்யாவில் தோட்டம் போட்டுப் பிழைத்தபோது பழக்கமானவர்கள். டில்மன் எப்பேர்ப்பட்ட ஆள் என்பதற்கு ஒரு சாம்பிள்: கென்யாவிலிருந்து ஊருக்குத் திரும்ப வேண்டுமென்று தோன்றியபோது ஒரு சைக்கிளை வாங்கினார். ஆப்பிரிக்காக் கண்டத்தைக் குறுக்கே மிதித்து, மேற்குக் கடற்கரைக்குப் போய் கப்பல் ஏறினார்.

ஷிப்டன் அதற்கு முந்தைய வருடம் எவரெஸ்ட் குழுவில் இருந்தவர். நூற்றுக்கணக்கான பொதி விலங்குகள், பெட்டி பெட்டியாக டின் உணவு, ஓர் ஊரே நகர்கிற மாதிரி ஏற்பாடு. மனிதருக்கு வெறுத்துவிட்டது. மலை ஏறுவதற்கு எதற்கு ஒரு பட்டாளம்? நாலைந்து பேர் போதாதா?

போதும் என்றார் டில்மன். டார்ஜிலிங்கிலிருந்து மூன்று ஷெர்பாக்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அங் தார்க்கே, பசாங், குசாங். இந்த மூன்று பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சரித்திரத்தில் பொதுவாக 'ஷிப்டனும் டில்மனும்' என்றுதான் எழுதுவார்கள். உண்மையில் அது ஐந்து பேர் குழு. சாப்பாடு ஒன்று, சுமை ஒன்று, ஆபத்தும் ஒன்று. துரைகளும் முதுகில் மூட்டையோடுதான் நடந்தார்கள். அந்தக் காலத்தில் அது கிட்டத்தட்ட ஒரு புரட்சி.

இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ரிஷி கங்கை வழியை இவர்கள் 'கண்டுபிடித்தார்கள்' என்பதில் பாதிதான் நிஜம். பள்ளத்தாக்கின் வாயில் லாத்தா என்று ஒரு கிராமம். அங்கிருந்து மேலே ஏறி, 14,000 அடி உயரமுள்ள தராசி கணவாயைத் தாண்டினால் துராஷி, திப்ருகேட்டா என்று மேய்ச்சல் நிலங்கள். லாத்தா ஆட்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கோடைக்கு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போன பாதை அது. பாறை விளிம்பில் கரணம் தப்பினால் மரணம் என்கிற இடங்களில் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர்கள். அந்தப் பாதையில் அவர்கள் பெயர் எங்கேயும் பொறிக்கப்படவில்லை. கணவாய்க்கு லாங்ஸ்டாஃப் பெயர் இருக்கிறது.

ஆட்டுப் பாதை முடிகிற இடத்துக்கு அப்பால்தான் உண்மையான பூட்டு. ராமணி என்கிற இடத்திலிருந்து உள்ளே நாலே நாலு மைல். அதை மட்டும் எந்த மனிதனும் கடந்ததில்லை. ஆடும் கடந்ததில்லை.

ஐவரும் அந்த நாலு மைலுக்குள் நுழைந்தார்கள். ஒரு பாறை விளிம்பு கிடைக்கும். ஆள் ஒருக்களித்து நடக்கலாம். நூறடி போனதும் விளிம்பு முடிந்துவிடும். கீழே பார்த்தால் அதலபாதாளம். சரி, திரும்ப வேண்டியதுதான் என்று நினைக்கும்போது, கொஞ்சம் மேலே தேடினால் இன்னொரு விளிம்பு ஆரம்பிக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் அதுவும் முடியும். மறுபடி தேடல். ஏதோ ஒருத்தர் துண்டு துண்டாக உடைத்துப் போட்ட ஏணியை எடுத்து ஒட்டவைக்கிற மாதிரி. ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அவ்வளவுதான், மொத்த வழியும் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால் வழியைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. பல வாரத்துக்கான சாப்பாட்டையும் அதே வழியில் சுமந்தாக வேண்டும். இருப்பதோ ஐந்து முதுகு. எனவே ஒவ்வொரு துண்டையும் திரும்பத் திரும்ப நடந்தார்கள். கொஞ்சம் சுமை கொண்டுபோய் வை, திரும்பி வா, மறுபடி எடு. நாலு மைலைக் கடக்க ஒன்பது நாள் ஆயிற்று. அண்ணா சாலை நீளம்கூட இல்லாத தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாதி வழியில் முட்டிக்கொண்டு நின்ற ஒரு பெரிய பாறை முகட்டுக்கு பிஸ்கா என்று பெயர் வைத்தார்கள். பைபிளில் மோசஸ் அந்தப் பெயருள்ள மலைமேல் நின்றுதான் வாக்களிக்கப்பட்ட பூமியைப் பார்ப்பார். பார்ப்பார், அவ்வளவுதான். போய்ச் சேரமாட்டார். இவர்களுக்கு அந்தக் கதி நேரவில்லை. ஜூன் முதல் வாரத்தில் ஐந்து பேரும் மதிலுக்குள் நடந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. பூக்கள். மனிதனைப் பார்த்தறியாததால் பயப்படவும் தெரியாத நீலக் காட்டாடுகள்.

மழைக்காலத்தில் வெளியே வந்து, ஆகஸ்டில் மறுபடி உள்ளே போய்ப் பள்ளத்தாக்கை அளந்து வரைபடம் போட்டார்கள். சிகரத்தின் தெற்கு முகட்டில் ஏற வழி இருக்கும்போலத் தெரிகிறதே என்று பார்த்துவைத்தார்கள். ஏறவில்லை. அதற்கான ஆள்பலமும் இல்லை, சாமானும் இல்லை. வெளியேறியது எப்படி தெரியுமா? ரட்லெட்ஜும் எமில் ரேயும் கீழே நின்று பார்த்து, முடியாது என்று திரும்பினார்களே, அதே தெற்குச் சுவர் வழியாக. மேலிருந்து கீழே.

*

கதவு திறந்துவிட்டது. இனி யாராவது நடு மண்டபத்துக்குப் போய்த்தானே ஆகவேண்டும்?

1936-இல் பிரிட்டிஷ் - அமெரிக்கக் கூட்டுக் குழு ஒன்று கிளம்பியது. அமெரிக்கர்கள் நாலு பேர், ஹார்வர்டில் படித்த இளைஞர்கள். பிரிட்டிஷ்காரர்கள் நாலு பேர். அதில் டில்மனும் நோயல் ஓடெல்லும் உண்டு. ஓடெல் யார்? 1924-இல் எவரெஸ்டில் மல்லோரியையும் இர்வினையும் கடைசியாகக் கண்ணால் பார்த்தவர். 1936 எவரெஸ்ட் குழுவில் இந்த இரண்டு பேருக்குமே இடமில்லை. டில்மனுக்கு உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று முந்தைய வருடமே முடிவாகியிருந்தது. ஓடெல்லுக்கு வயது 45.

கடைசி முகாமுக்குப் போனவர்கள் ஓடெல்லும், அமெரிக்கரான சார்லஸ் ஹூஸ்டனும். அன்றிரவு ஹூஸ்டன் சாப்பிட்ட டின் மாட்டிறைச்சி கெட்டுப்போயிருந்தது. வாந்தி பேதி. மறுநாள் காலை ஓடெல் கீழ் முகாமை நோக்கிக் கத்தினார்: 'சார்லி இஸ் இல்!' அதாவது, சார்லிக்கு உடம்பு சரியில்லை. காற்றில் அது கீழே வந்து சேர்ந்தபோது 'சார்லி இஸ் கில்ட்' என்று கேட்டது. அதாவது, செத்துவிட்டார்! பதறியடித்துக்கொண்டு டில்மன் கூட்டம் மேலே ஓடியது. பிணத்தை எதிர்பார்த்துப் போனால் பிணம் உட்கார்ந்துகொண்டு நலம் விசாரித்தது.

ஹூஸ்டன் கீழே இறங்க, அவர் இடத்தில் டில்மன் தங்கினார். ஆகஸ்ட் 29. உயரம் ஒத்துக்கொள்ளாதவரும் வயதானவரும் நந்தாதேவியின் உச்சியில் நின்று கைகுலுக்கிக்கொண்டார்கள். 1950-இல் அன்னபூர்ணா ஏறப்படும்வரை மனிதன் தொட்ட மிக உயரமான சிகரம் அதுதான். யார் ஏறியது என்று பெயர் போடாமல், இரண்டு பேர் உச்சியை அடைந்தார்கள் என்று மட்டும் தந்தி அடித்தார்கள். வெற்றி குழுவுக்கு, தனி ஆளுக்கு இல்லை என்பது கொள்கை. இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

ஆனால் கணக்கில் இன்னொரு வரியும் உண்டு. பல எவரெஸ்ட் பயணங்களைப் பார்த்த கிதார் என்ற ஷெர்பா, நோய்வாய்ப்பட்டு அடிவார முகாமிலேயே இறந்துபோனார். அதே ஆகஸ்ட் 29-ஆம் தேதி பிண்டர் நதியில் வெள்ளம் வந்து தராலி என்ற ஊரில் நாற்பது பேரைக் கொண்டுபோயிற்று. வீட்டுக்குள் நுழைந்தார்கள், நந்தா கோபித்துக்கொண்டாள் என்றார்கள் ஜனங்கள். டில்மனே இதைத் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். நாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்தப் பேச்சை மறந்துவிட வேண்டாம்.

*

1964 அக்டோபரில் சீனா அணுகுண்டு வெடித்தது. அமெரிக்காவுக்கும் தூக்கம் போயிற்று, இரண்டு வருடம் முன்னால் அடிவாங்கிய இந்தியாவுக்கும் தூக்கம் போயிற்று. சீனா அடுத்து என்ன செய்கிறது என்று ஒட்டுக்கேட்க ஒரு கருவி வேண்டும். உயரமான இடத்தில் வேண்டும். எங்கே வைப்பது?

சி.ஐ.ஏ.வும் நம்முடைய உளவுத்துறையும் சேர்ந்து தேர்ந்தெடுத்த இடம், நந்தாதேவியின் உச்சி.

கருவிக்குக் கரண்ட் வேண்டுமே? அங்கே மின்கம்பமா இருக்கிறது? புளுட்டோனியத்தில் இயங்கும் ஜெனரேட்டர் ஒன்றைத் தயார் செய்தார்கள். 1965-இல் ஒன்பது பேரை எவரெஸ்ட் ஏற்றி இந்தியாவையே கொண்டாடவைத்த எம்.எஸ்.கோலி, அதே வருடம் சத்தமில்லாமல் இந்த வேலைக்கும் தலைவர். புளுட்டோனியம் எப்போதும் கதகதவென்று இருக்கும். அந்தக் குளிரில் அதைச் சுமக்க ஷெர்பாக்கள் போட்டி போட்டதாகப் பின்னாளில் சொன்னார்கள். சுமப்பது என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்கவில்லை.

அக்டோபரில் பனிப்புயல். உச்சிக்குப் போக முடியவில்லை. சுமார் 24,000 அடியில், நாலாம் முகாமில், ஒரு பாறை இடுக்கில் கருவியைக் கட்டிவைத்துவிட்டு இறங்கினார்கள். வசந்தம் வந்ததும் எடுத்துக்கொள்ளலாம்.

1966-இல் போய்ப் பார்த்தார்கள். கருவி இல்லை. பாறையும் இல்லை. பனிச்சரிவு அந்த இடத்தையே வழித்துக்கொண்டு போயிருந்தது. 1968 வரை தேடினார்கள். கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த மலையின் பனி உருகித்தான் ரிஷி கங்கை. ரிஷி கங்கை தவுலி கங்கையில், தவுலி அலக்நந்தாவில், அலக்நந்தா கங்கையில்.

விஷயம் 1978-இல்தான் ஓர் அமெரிக்கப் பத்திரிகை மூலம் வெளியே வந்தது. பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். விஞ்ஞானிகள் குழு போட்டார்கள். தண்ணீரில் கதிரியக்கம் இல்லை என்றது குழு. சந்தோஷம். ஆனால் பன்னிரண்டு வருடமாக அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே?

*

1974-இல் மலையை வெளிநாட்டவர்களுக்கு மறுபடி திறந்துவிட்டார்கள். அதே வருடம் மார்ச் 26-ஆம் தேதி, ரிஷி கங்கை தவுலி கங்கையோடு சேர்கிற இடத்தில் உள்ள ரேணி கிராமத்தில், கான்ட்ராக்டர் ஆட்கள் மரம் வெட்ட வந்தார்கள். ஊர் ஆண்கள் நஷ்டஈடு வாங்கப் போயிருந்த நாள். கௌரா தேவி என்ற பெண்மணி ஊர்ப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போய் மரங்களுக்குமுன் நின்றார். வெட்ட வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். சிப்கோ இயக்கம் என்று பள்ளிப் புத்தகத்தில் படிக்கிறோமே, அதன் மிகப்புகழ் பெற்ற நாள் அது.

கீழே மரம் பிழைத்தது. மேலே? ஷிப்டன் கூட்டம் ஒன்பது நாள் தேடிய வழியில் இப்போது குழு குழுவாக ஆட்கள். அடுப்பெரிக்க பூர்ஜ மரமும் ஜூனிப்பர் புதரும். டின், பாட்டில், கயிறு. கூடவே கஸ்தூரி மான் வேட்டைக்காரர்கள். வழி எல்லோருக்கும் வழிதானே.

1976-இல் வந்த இந்திய - அமெரிக்கக் குழுவில் 22 வயதுப் பெண் ஒருத்தி. பெயர் நந்தாதேவி அன்சோல்ட். அப்பா வில்லி அன்சோல்ட் பெரிய மலையேறி. இளம்வயதில் இந்தச் சிகரத்தின் அழகில் சொக்கி, பெண் பிறந்தால் இந்தப் பெயர்தான் என்று வைத்தவர். அப்பாவும் மகளும் சேர்ந்தே வந்தார்கள். செப்டம்பர் 8-ஆம் தேதி, 24,000 அடி உயர முகாமில், வயிற்று நோய் முற்றி, அப்பாவின் கண்ணெதிரே அவள் இறந்தாள். அங்கேயே பனியில் அடக்கம் செய்தார்கள். மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற அந்தக் கர்வால் பாட்டுகளை அந்தத் தகப்பன் கேட்டிருப்பாரா தெரியாது.

1982-இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். தொடர்ந்து ஏறவும் தடை, மேய்க்கவும் தடை. 1988-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல். 1993-இல் நம் ராணுவப் பொறியாளர் குழு ஒன்று சிறப்பு அனுமதியோடு உள்ளே போய் ஆயிரம் கிலோவுக்கும் மேல் குப்பையை வெளியே கொண்டுவந்தது. கூடவே இயற்கை ஆய்வாளர்களும் போனார்கள். நம் கோயம்புத்தூர் சலீம் அலி பறவையியல் மையத்துக்கும் அதில் பங்கு உண்டு. காடு தழைக்க ஆரம்பித்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

நல்ல செய்திதான். ஆனால் லாத்தா? சுமை தூக்கியும் ஆடு மேய்த்தும் பிழைத்த ஊர் அது. குப்பை போட்டவர்கள் விமானம் ஏறிப் போய்விட்டார்கள். தண்டனை ஊர்க்காரர்களுக்கு. மரத்தைக் காப்பாற்றிய ஜனங்களையே, காட்டைக் காப்பாற்றுவதற்காக வெளியே நிறுத்தினார்கள். பொறுத்துப் பார்த்து, 1998-இல் ஊர் ஜனங்கள் திரண்டு பூங்காவுக்குள் நுழைந்து போராடினார்கள். 2003-இல் வெளிப்பிராகாரத்தில் கொஞ்ச தூரம் மட்டும் நடைப்பயணம் போக அனுமதி வந்தது. உள்ளே இருக்கிற நாலு மைல் மூடியேதான் இருக்கிறது.

2021 பிப்ரவரி 7. ரோண்டி சிகரத்தின் சரிவிலிருந்து ஒரு மாபெரும் பாறையும் பனியும் பிய்த்துக்கொண்டு விழுந்தது. ரிஷி கங்கையில் சேறும் தண்ணீரும் சுவர்போல எழுந்து வந்தன. ரேணியில் இருந்த நீர்மின் நிலையம் இருந்த இடம் தெரியவில்லை. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், காணாமல் போனார்கள்.

பாறைச்சரிவுதான் காரணம் என்று விஞ்ஞானிகள் செயற்கைக்கோள் படத்தோடு நிரூபித்தார்கள். அது சரிதான். ஆனால் அன்றைக்கு ஊர் ஜனங்கள் முதலில் கேட்டது வேறு கேள்வி: 'மேலே வைத்துவிட்டு வந்தார்களே, அது வெடித்துவிட்டதா?'

1936-இல் தேவியின் கோபம் என்றார்கள். 2021-இல் புளுட்டோனியம் என்றார்கள். இரண்டும் தவறான விடை. ஆனால் எண்பத்தைந்து வருடமாக அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பது ஒரே கேள்வி. எங்கள் வீட்டுக்குள் நீங்கள் என்ன செய்துவிட்டுப் போனீர்கள்?

அதற்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.